ஸ்விஃப்ட்: டீசலா, பெட்ரோலா? மலை ஏற்றிப் பார்த்தாச்சு

என்னிடம் 2015 மாடல் மாருதி ஸ்விஃப்ட் டீசல் கார், மச்சானிடம் அதே வருஷத்துப் பெட்ரோல். போன மாதம் கொல்லிமலைக்கு இரண்டு வண்டியிலும் கிளம்பினோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு, சரி பாதியில் சாவியை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு.

காகிதத்தில் பெட்ரோலுக்கு 84 குதிரைத்திறன், டீசலுக்கு 75தான். ஆனால் டார்க்கை, அதாவது இஞ்சின் சுழற்றித் தள்ளும் வலுவை, பாருங்கள்: பெட்ரோலில் 115 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்றும் சுற்று) வரை மிதித்தால்தான், டீசலில் 190, 2000-லேயே வந்துவிடும். வளைவில் வண்டி கிட்டத்தட்ட நின்று திரும்பும்போது 4000-க்கு எங்கே போவது? நாலு பேர், டிக்கி நிறைய பை, ஏசி வேறு. செகண்ட் கியரில் விட்டால் உறுமல்தான், ஏற்றம் இல்லை. ஏசியை அணைத்து, ஃபர்ஸ்ட் போட்டு, அடுத்த வளைவிலும் அதே கதை. டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இல்லாத எந்த 1.2 லிட்டர் பெட்ரோல் இஞ்சினும் ஆள் நிறைந்தால் இப்படித்தான்.

அதற்காக டீசலைத் தூக்கிவைத்துப் பேசவும் மாட்டேன். ஆர்பிஎம் 1800-க்குக் கீழே இறங்கினால் டர்போ தூங்கிவிடும், அப்புறம் திடீரென்று முழித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அப்படி ஒரு வளைவில் நான் அசந்துபோக, பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மைலேஜ்? கம்பெனி சொன்னது லிட்டருக்கு டீசலில் 25.2 கி.மீ., பெட்ரோலில் 20.4. எங்களுக்குக் கிடைப்பது 20-ம் 15-ம். டீசல் இஞ்சின் காற்றைப் பெட்ரோலைவிட ரொம்ப அதிகமாக அழுத்தி அந்தச் சூட்டிலேயே பற்றவைக்கிறது, லிட்டருக்கு லிட்டர் டீசலில் சக்தியும் கூடுதல், அதனால்தான் இந்த வித்தியாசம். 2024 கடைசியில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம், டீசல் 92 சொச்சம். அந்த விலையில் டீசலில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். மாதம் 1500 கி.மீ. ஓட்டுகிற எனக்கு அது 3000 ரூபாய். ஆனால் டர்போவோ, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரோ போனால் பல மாத மிச்சம் ஒரே பில்லில் காலி.

புதிதாக வாங்கவும் முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, இனி செகண்ட் ஹேண்ட்தான்.

மலையிலிருந்து இறங்கியதிலிருந்து மச்சான் என் வண்டி மேலேயே கண்ணாக இருக்கிறான். அவன் ஓட்டுவது மாதம் 400 கி.மீ., அதில் பாதி பள்ளிக்கூட வாசல். பேசாமல் பெட்ரோலையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.