வளரும் பிரெஞ்சு கிராமங்கள்: இணைந்துவிடுவதா, தனித்து நிற்பதா?

பிரான்சில் நகரத்துக்கு அருகே இருக்கும் கிராமம் வளரத் தொடங்கினால் வயலோரம் வீட்டுமனைகள் முளைக்கும், பள்ளியில் இடம் போதாது. அப்போது ஊருக்கு இரண்டு வழிகள். கொம்யூன் என்பது மேயரும் மன்றமும் கொண்ட, பிரான்சின் அடிப்படை உள்ளாட்சி அலகு. அக்கம்பக்கத்து ஊர்களோடு கலந்து ஒரே ‘புதிய கொம்யூன்’ ஆகிவிடலாம். இல்லையென்றால், தன் மேயரையும் மன்றத்தையும் விட்டுக்கொடுக்காமல், குப்பை அகற்றுவது போன்ற பெரிய வேலைகளை மட்டும் ‘கொம்யூன்களின் சமூகம்’ என்ற கூட்டமைப்பிடம் கொடுக்கலாம்.

தனித்து நிற்கும் ஆசைக்கு வேர் ஆழம். 1789 டிசம்பரில் புரட்சி அரசு கொம்யூன்களை உருவாக்கியபோது, பெரும்பாலும் பழைய தேவாலயப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிகளின்) எல்லைகளையே எடுத்துக்கொண்டது. இன்றும் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. 1971இல் அவற்றைக் குறைக்க வந்த சட்டம் பெரிதாக எடுபடவில்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டமும், 2015இல் சேர்ந்த நிதிச் சலுகைகளும்தான் இணைப்புக்கு வேகம் கொடுத்தன.

இணைப்பின் சிறந்த முகம், மேற்குப் பிரான்சில் ஆன்ஜே நகருக்குத் தென்மேற்கில் உள்ள மோஜ் பகுதி. 2015 டிசம்பர் 15 அன்று அங்கே 64 கொம்யூன்கள் ஆறாகச் சுருங்கின. அந்த ஊர்கள் ஏற்கெனவே கூட்டமைப்புகளில் சேர்ந்து வேலை செய்து பழகியவை. அந்தப் பழக்கமே இணைப்பைத் தாங்கியது என்று நினைக்கிறேன். நோர்மண்டியில் கதை வேறு. துரோஆனும் சன்னெர்வில்லும் 2017இல் ‘சலீன்’ என்ற பெயரில் ஒன்றாகி, 2019 முடிவில் மறுபடி பிரிந்துவிட்டன.

எனக்கு உறுத்துவது ஊர் வாழ்க்கைதான். ஆயிரம் பேர் வாழும் கொம்யூனில் மன்ற உறுப்பினர்கள் 15 பேர். அப்படிப் பத்து ஊர்கள் என்றால் 150 பேர். அவை சேர்ந்து பத்தாயிரம் பேர் கொண்ட ஒரே கொம்யூனானால், இடைக்கால ஏற்பாடுகள் முடிந்தபின் 33 பேர்தான். குறைவது வெறும் பதவி இல்லை. விழாக் குழுவுக்கு மேசை நாற்காலி ஏற்பாடு செய்பவரும், புதிதாகக் குடியேறிய குடும்பத்தை விளையாட்டுச் சங்கத்துக்கு அழைத்துப்போகிறவரும் பெரும்பாலும் இவர்கள்தான். வளரும் ஊருக்கு இத்தகைய ஆட்கள் இன்னும் அதிகமாக வேண்டும்.

தனித்து நிற்பதும் முழுச் சுதந்திரம் இல்லை. நிலப் பயன்பாட்டுத் திட்டம் பல இடங்களில் கூட்டமைப்பின் கைக்குப் போய்விட்டது. முதன்மை வீட்டுக்கான குடியிருப்பு வரி 2023இல் முற்றிலும் ஒழிந்ததால், புதிதாக வரும் வாடகைக் குடும்பத்திடமிருந்து ஊருக்கு அந்த வருமானமும் இல்லை. ஆனால் அவர்களின் பிள்ளைகளுக்கு வகுப்பறை கட்டியாக வேண்டும்.

ஆனாலும் சொந்தப் பள்ளியும் உயிரோட்டமான சங்கங்களும் இருக்கும் ஊர் தனித்து நிற்பதே மேல் என்பேன். ஆள் குறைந்து மன்றத்துக்கே வேட்பாளர் கிடைக்காத ஊர்களுக்கும், மோஜ் போலக் கூடி உழைத்துப் பழகியவற்றுக்கும் இணைப்பு பொருந்தும். இணைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய ஊருக்கென்று ஒரு துணை மேயரும் கிளை அலுவலகமும் தொடரலாம், ஆனால் புதிய மன்றம் பின்னாளில் வாக்களித்து அவற்றை நீக்கிவிடவும் சட்டத்தில் இடமுண்டு.