புது முகம் பூட்டின பழைய எக்ஸ்-ட்ரெயில்: வன்னியில் எஸ்யூவி வாங்க நிற்கிறவர்கள் கவனிக்க

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் குடும்பத்துக்கென்று ஒரு எஸ்யூவி தேடுகிறவர்கள் முற்பணம் கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ. 2015, 2016இல் செய்த நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட்டை வாங்கி, முன் பம்பர், கிறில், ஹெட்லைற், பின் லைற் எல்லாம் கழற்றி, 2017 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த முகத்தைப் பூட்டி, புது மொடல் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிரச்சினை முகம் மாற்றுவது இல்லை. மாற்றினதை மறைத்து விற்பதுதான் களவு.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு குடும்பம் மாட்டுப்பட்டது இப்படித்தான். காசு கனடாவில் இருக்கிற மகன் அனுப்பினது. வாகனம் நின்றது தெற்கில் ஒரு விற்பனை நிலையத்தில். இடையில் ஒரு புறோக்கர். இரவில் எடுத்த வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது, கூடவே "2017 வாகனம், புது சேப், டொக்டர் ஒராள் ஓடினது" என்று ஒரு குரல்பதிவு. சி.ஆர்., அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழ், லீசிங் கம்பனியில் கிடக்கு என்று மங்கலான கொப்பி ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். முழுக் காசும் கட்டி, வரும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாயிற்று. ஒரிஜினல் சி.ஆர். கைக்கு வந்த பிறகுதான் உற்பத்தி ஆண்டு 2015 என்று தெரிந்தது. புறோக்கர் பொய் சொல்லவில்லையாம், "2017 எண்டு சொன்னது பதிஞ்ச வருசத்தையெல்லோ அண்ணை" என்று நிற்கிறார்.

இந்த ஏமாற்று ஏன் இவ்வளவு இலேசாக நடக்கிறது என்றால், அந்த 2017தான் காரணம். இந்த உருவத்து எக்ஸ்-ட்ரெயில், அதாவது டி32, யப்பானில் 2013 டிசம்பரில் வந்தது. ஹைபிரிட் 2015இல் சேர்ந்தது. 2017 யூனில் முகத்தை மாற்றினார்கள். ஆகவே 2017இல் செய்த வாகனத்திலேயே பழைய முகமும் உண்டு, புது முகமும் உண்டு. 2015இல் செய்து 2017இல் இங்கே பதிந்த வாகனமும் நிறைய. மூன்றையும் "2017" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கலக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஓடின வாகனத்துக்கே விலை ஏறினதால், முகம் மாற்றும் செலவு கொசுறாகிவிட்டது.

2022இல் யப்பானில் வந்த டி33 வேறு கதை. அதில் எஞ்சின் மின்சாரம் உண்டாக்க மட்டும்தான், சில்லைச் சுற்றுவது மோட்டர். உடம்பே வேறு என்பதால் பழையதை அதுவாக மாற்ற முடியாது. "புது எக்ஸ்-ட்ரெயில்" என்று யாராவது சொன்னால் டி32ஓ டி33ஓ என்று முதலே கேட்டுவிடுங்கோ.

முதலில் கடதாசி. சி.ஆரில் உற்பத்தி ஆண்டு ஒரு கட்டத்திலும், முதற்பதிவுத் திகதி இன்னொரு கட்டத்திலும் இருக்கும். இரண்டையும் வாசியுங்கோ. முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கொப்பியை நம்ப வேண்டாம். நேரே அந்தக் கம்பனிக் கிளைக்குப் போய், மிச்சக் கடன் எவ்வளவு என்ற கடிதத்தையும் சி.ஆரின் தெளிவான பிரதியையும் கேளுங்கோ. விற்கிறவர் கூட வர மறுத்தால் அத்தோடு விடுங்கோ. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்தும் விபரத்தைச் சரிபார்க்கலாம்.

அடுத்தது சேஸி இலக்கம். இரண்டு சில்லு இழுவை ஹைபிரிட் என்றால் எச்டி32 என்றும், நாலு சில்லு இழுவை என்றால் எச்என்டி32 என்றும் தொடங்கும். பெற்றோல் மட்டும் ஓடுகிறதில் அந்த எச் இருக்காது. எஞ்சின் அறையில் இருக்கிற தகட்டில் உள்ள இலக்கம், உடம்பில் அடித்த இலக்கம், சி.ஆர். இலக்கம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த இலக்கத்தை வைத்து உதிரிப்பாகப் பட்டியலில் தேடினால் எந்த வருடம் எந்த மாதம் செய்தது என்று வரும். பாட்ஸ் கடையில் பழகினவர்களுக்கு அது இரண்டு நிமிட வேலை. 2017 யூனுக்குப் பல மாதம் முந்தின திகதி வந்து, வாகனத்தில் புது முகம் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

கடதாசி கையில் இல்லாமல் வாகனம் மட்டும் முன்னால் நிற்கிறதென்றால் சீற் பெல்ற்றை முழுக்க வெளியே இழுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கோ. அங்கே தைத்த துண்டில் பெல்ற் செய்த காலம் இருக்கும். முகம் மாற்றுகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. நாலு பெல்ற்றும் 2015 என்று சொல்ல, ஹெட்லைற் மட்டும் புதுசாக மினுங்கினால் யோசியுங்கோ.

பிறகு பொனற்றைத் திறவுங்கோ. யப்பானில் இருந்து வந்த ஹெட்லைற்றில் செய்தவர் பெயர் வார்ப்பிலேயே இருக்கும், கொய்ட்டோ, ஸ்டான்லி, இச்சிகோ போல. மலிவு லைற்றில் பெயரே இராது. லைற்றுக்குப் போகிற வயரில் இடையில் ஒட்டு வைத்து ரேப் சுற்றியிருக்கிறதா, ஒரிஜினல் பிளக்குக்கு இடையில் ஒரு குட்டிப் பெட்டி தொங்குகிறதா என்று பாருங்கோ. பம்பரை ரேடியேற்றர் தாங்கியோடு பிடிக்கிற பிளாஸ்ரிக் கிளிப்புகளில் பாதி இல்லாமல் கேபிள் ரை போட்டுக் கட்டியிருந்தால், அதைக் கழற்றிப் பூட்டினவர் அவசரக்காரர் என்று விளங்கும். பெண்டரும் பம்பரும் சேருகிற ஓரத்தில் விரல் நகம் போகிற இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் பிளந்து நின்றால் உள்ளே இருக்கிற பக்கப் பிறக்கெற் பழையதுதான்.

கண்ணுக்குத் தெரியாமல் போகிற சாமான்தான் ஆபத்து. பம்பர் ஓட்டுக்குள் ஒரு நுரைக்கட்டையும், அதற்குப் பின்னால் ஒரு இரும்பு வளையும் இருக்க வேண்டும். மலிவாக முடிக்கிறவர்கள், புது ஓடு பொருந்தவில்லை என்று நுரையை வெட்டுவார்கள், அல்லது எறிந்தே விடுவார்கள். ரேடியேற்றர் தாங்கியில் இருக்கிற மோதல் சென்சரைக் கழற்றிவிட்டு, திரும்ப இறுக்காமல் வயரில் தொங்க விடுகிறவர்களும் உண்டு. அந்தச் சென்சர் தன் இடத்தில் இறுக்கமாக நின்றால்தான் அடிபடும்போது எயார்பாக் நேரத்துக்கு விரியும். ரேடியேற்றருக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பிளாஸ்ரிக் காற்றுத் தடுப்பையும் பூட்டாமல் விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் விசிறி வெளியே தள்ளுகிற சூட்டுக் காற்று சுற்றி வந்து திரும்ப ரேடியேற்றருக்குள்ளேயே போகும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் சந்தையடியில் ஏ.சி. போட்டு நின்றால் ஏ.சி. குளிராது, வெப்ப முள் ஏறும். ஹைபிரிட்டின் மின் பகுதிகளும் அந்தக் குளிர்ச்சியில்தான் தங்கியிருக்கின்றன.

உள்ளே ஏறினால் ஸ்ரேறிங். புது முகத்தோடு அடிப்பக்கம் தட்டையான ஸ்ரேறிங் வந்தது. அதையும் மாற்றிவிடுகிறார்கள். சுவிட்சை ஓன் பண்ணி எஞ்சினை எழுப்பாமல் நில்லுங்கோ. எயார்பாக் லைற் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும் பிழை, எரியவே இல்லையென்றாலும் பிழை. ஒவ்வொரு முறையும் வேறொரு லைற்றோடு சேர்த்தே எரிந்து, சேர்த்தே அணைந்தால் அது வயரைக் கொழுவி வைத்த வேலையாகவும் இருக்கலாம்.

புறோபைலட் பற்றி ஒரு விளக்கம். கமராவால் றோட்டுக் கோட்டைப் பார்த்து வாகனத்தை அதற்குள் பிடித்து ஓட உதவுகிற வசதி அது. 2017 யூனில் புது முகத்தோடு வந்தது, எல்லாவற்றிலும் இல்லை. ஆகவே புறோபைலட் இல்லாததை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்ரேறிங்கில் அந்தச் சுவிட்ச் இருந்து, அமத்தினால் திரையில் ஒன்றும் வராமல், இடது காலடியில் மிதிக்கிற பார்க்கிங் பிறேக்கும் இருந்தால், அது பூட்டின ஸ்ரேறிங். புறோபைலட் வந்த வாகனத்துக்குப் பார்க்கிங் பிறேக் மின்சாரத்தில்தான். "அது சிலோனில வேலை செய்யாது" என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். ஏ9இல் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் கோடு தெளிவாகத் தெரிகிற நீட்டில் ஓடிப் பாருங்கோ. கமரா கோட்டைத்தான் பார்க்கிறது, நாட்டை இல்லை.

ஏ9இல் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்கவும் கூடாது. காப்பெற் றோட்டில் எந்த வாகனமும் நல்ல வாகனம். உள்ளே கிரவல் றோட்டுக்கு இறக்கி, மணிக்கு 20, 30 கிலோமீற்றரில், யன்னலைத் திறந்துவிட்டு ஓடுங்கோ. பொருந்தாத பம்பர் அந்த நெளிவில் கடகடக்கும். புறப்படும்போதும் மெதுவாக ஊரும்போதும் உதறல் இருக்கிறதா என்று கவனியுங்கோ, இந்த ஹைபிரிட்டில் எஞ்சினுக்கும் மோட்டருக்கும் இடையில் கிளச் வேலை செய்கிறது, பிறகு சி.வி.ரி. என்கிற படிப்படியாக மாறாத ஓட்டோ கியர். சி.வி.ரிக்கு நிசானின் என்எஸ்-3 தரத்து எண்ணெய்தான். சாதாரண ஓட்டோ கியர் எண்ணெய் விட்ட வாகனம் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் ஓடி, பிறகு பெரிய செலவு வைக்கும். கடைசியாக எப்போது, எந்த எண்ணெய் மாற்றினது என்பதற்குப் பில் கேளுங்கோ.

மலிவு முகம் வன்னிக் காலநிலையில் நிலைப்பதும் இல்லை. சோளகத்தில் செம்மண் தூசி ஹெட்லைற்றுக்குள் போய் படியும், மாரியில் அதுக்குள்ளேயே தண்ணீர் கோர்க்கும். ஒரிஜினல் லைற்றில் மூச்சுவிடுகிற குழாயும் இறப்பர் மூடியும் இருக்கும், மலிவு லைற்றில் பசை மட்டும்தான். றேடார் உள்ள வாகனத்தில் முன் சின்னத்தை அழகுக்கென்று வேறாக மாற்றினால் றேடார் மறைந்து, தானாகப் பிறேக் பிடிக்கிற வசதி நின்றுவிடும். எச்சரிக்கை லைற் எரிகிறது என்று அதையும் அணைத்து விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்கான் மெசினைப் போட்டு எஞ்சின், கியர், பிறேக், எயார்பாக், ஹைபிரிட் பற்றரி எல்லாவற்றையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லுங்கோ. எஞ்சினை மட்டும் வாசித்துவிட்டு "கோட் ஒண்டும் இல்லை" என்று தருகிற கடதாசி எதற்கும் உதவாது. மீற்றரில் காட்டுகிற கிலோமீற்றரும் சேர்விஸ் பில்களில் உள்ள கிலோமீற்றரும் ஒன்றோடொன்று ஏறுவரிசையில் வருகிறதா என்றும் பாருங்கோ. யப்பான் ஓக்ஷன் சீற், அதாவது அங்கே ஏலத்தில் வாகனத்தின் நிலையை எழுதின தாள், காட்டினால், அதில் சேஸி இலக்கம் வெட்டுக்கொத்து இல்லாமல் இருக்க வேண்டும். தரம் என்ற இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று கிடந்தால் அடிபட்டுத் திருத்தின வாகனம்.

இதை வைத்திருக்கிறவர்கள் சொல்வதையும் கேளுங்கோ. பழைய முகத்துக்காரரும் புது முகத்துக்காரரும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் சொல்வதில்லை. எஞ்சின் அதே 2.0 லீற்றர், ஹைபிரிட் முறையும் அதே. புது முகத்துக்காரர் மெச்சுவது உள் வேலைப்பாட்டையும் பாதுகாப்பு வசதிகளையும். இரண்டு பேரும் குறை சொல்வது டிக்கியைப் பற்றி, பற்றரி கீழே இருப்பதால் இடம் குறைவு. இன்னொன்று, ஹைபிரிட்டில் ஐந்து பேருக்குத்தான் இருக்கை. அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், கூட அம்மம்மா என்றால் பெற்றோலில் வந்த மூன்று வரிசை வாகனத்தைத்தான் தேட வேண்டும். எங்கள் கணக்கில், கடதாசி சுத்தமான 2015 பழைய முகம் நியாய விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். முகத்துக்கென்று லட்சக்கணக்கில் மேலதிகம் கொடுக்க அதில் ஒன்றும் இல்லை.

முற்பணம் கொடுக்கிறதென்றால் வங்கி மூலம், வாகனச் சொந்தக்காரர் பெயருக்கே. புறோக்கரின் கணக்குக்குப் போட வேண்டாம். ரசீதில் உற்பத்தி ஆண்டு, சேஸி இலக்கம், "விபரம் பிழையானால் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வசனம் மூன்றும் எழுதுவியுங்கோ. பல ரசீதுகளில் "முற்பணம் மீளளிக்கப்படாது" என்றுதான் அச்சடித்திருக்கும், அதைப் பேனாவால் வெட்டி இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். திகதி போடாத ஓப்பின் பேப்பரோடு, அதாவது விற்கிறவர் கையெழுத்து மட்டும் வைத்த பெயர் மாற்றப் படிவத்தோடு, வாகனத்தை எடுத்து ஓடவும் வேண்டாம். விபத்து நடந்தால் யார் சொந்தக்காரர் என்பதே வழக்காகிவிடும்.

வாங்கி முடிந்தவர்கள் முதலில் பாதுகாப்பைச் சரி செய்யுங்கோ. பம்பரைக் கழற்றி இரும்பு வளை, நுரைக்கட்டை, மோதல் சென்சர், காற்றுத் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததை வாங்கிப் பூட்டுங்கோ. கழற்ற முதலும் கழற்றின பிறகும் படம் எடுங்கோ, சீற் பெல்ற் துண்டையும் சேர்த்து. விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் குரல்பதிவு, வங்கிச் சிட்டை, ரசீது எல்லாவற்றையும் வேறொரு போனிலும் சேமித்து வையுங்கோ. பணம் கொடுத்து வாங்கின விற்பனை நிலையம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், இலக்கம் 1977. சி.ஆர். கொப்பியில் ஆண்டை மாற்றியிருந்தால் அது போலி ஆவணம், பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்குங்கோ. காப்புறுதிக்காரருக்கும் உண்மையான உற்பத்தி ஆண்டையும், மாற்றின பாகங்களையும் எழுத்தில் கொடுங்கோ. 2015 வாகனத்தைப் புது மொடல் பெறுமதியில் காப்புறுதி செய்து, அதற்குத் தவணையும் கூடக் கட்டிக்கொண்டு இருந்தாலும், அடிபட்ட அன்றைக்கு மதிப்பீட்டாளர் பார்ப்பது சி.ஆரில் உள்ள ஆண்டைத்தான்.