மட்டி வாழைப்பழமா, அமினோ அமிலப் பொடியா?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சைக்கிள் மிதிப்பவர்கள் கேட்பது இது. களியக்காவிளை தாண்டியதும் காலுக்கு முன்பே மனம் சோர்கிறது.

நெடுநேர உழைப்பில் இரத்தத்தில் கொழுப்பு அமிலம் கூடி, ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் கழற்றிவிடுகிறது. அது மூளைக்குள் போய் செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருள் ஆகிறது. சோர்வு அதனால்தான் என்பது 1987-இல் உயிர்வேதியியலாளர் நியூஸ்ஹோமின் குழு முன்வைத்த கருதுகோள்.

பொடி: அதிலுள்ள கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் (BCAA) உள்ளே நுழைய மூளையின் வாசலில் டிரிப்டோஃபேனோடு மல்லுக்கு நிற்கும். கணக்கு அழகுதான், பெரும்பாலான சோதனைகளில் வேகம் கூடவில்லை.
மட்டி: அதன் சர்க்கரை கொழுப்பு அமிலம் ஏறுவதையே தணிக்கும், தசைக்கும் தீனி.

விலை: பேச்சே வேண்டாம், நாகர்கோவில் வடசேரிச் சந்தை மட்டிதான் மலிவு.

வசதி: பொடி நசுங்காது. மட்டியின் மெல்லிய தோல் முதுகுப் பையில் கூழாகிவிடும், அனுபவம்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். இரண்டு மணி நேரம் கடந்தால் மட்டி. பொடியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் குடித்துத் தீர்க்கலாம்.