மனப்பாடக் கவிதையா, பட்டுத் துணியா?

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனி ஆக்கிரமித்த நாடுகளுக்குள் ஒற்றர்களை அனுப்பிய பிரிட்டனின் எஸ்.ஓ.இ. அமைப்பு, வானொலிக் கருவியில் ரகசியச் செய்தி அனுப்பும் தன் இயக்குநர்களுக்கு முதலில் கற்பித்தது கவிதைக் குறியீட்டைத்தான். மனப்பாடமாகத் தெரிந்த கவிதையிலிருந்து ஐந்து சொற்களைத் தேர்ந்து, அவற்றின் எழுத்துகளுக்கு வரிசை எண் இட்டு, அந்த வரிசைப்படி செய்தியின் எழுத்துகளை இருமுறை இடம் மாற்ற வேண்டும். கையில் எதையும் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் ஒரு செய்தியை எதிரி உடைத்துவிட்டால், பிரபலமான கவிதையாக இருக்கும்பட்சத்தில் முழுக் கவிதையையும் ஊகித்து மற்றச் செய்திகளையும் படித்துவிடலாம். சித்திரவதையிலும் அது வெளியே வந்துவிடும்.

குறியீட்டுப் பிரிவின் தலைவர் லியோ மார்க்ஸ் முன்வைத்த மாற்று, ஆயத்தத் திறவுகோல்களை, அதாவது எழுத்துகளை இடம் மாற்றுவதற்கு முன்பே தயாரித்த எண் வரிசைகளை, அச்சிட்ட பட்டுத் துணி. சட்டையின் உள்துணிக்குள் தைத்துவிட்டால், உடலைத் தடவிச் சோதிக்கும்போது காகிதத்தைப் போல அது சரசரக்காது. பயன்படுத்திய வரியை உடனே வெட்டி எரித்துவிட வேண்டும். நினைவில் நிற்காத அதை எவ்வளவு வதைத்தாலும் இயக்குநரால் சொல்ல முடியாது. துணி சிக்கினால் அதுவே சாட்சியாகிவிடும் என்ற ஆபத்து இருந்தும், நான் பட்டையே தேர்வேன்.

எனினும் எரிக்கும் பழக்கம் ஊறாவிட்டால் எந்த முறையும் காக்காது. 1943 அக்டோபரில் பாரிஸில் பிடிபட்ட எஸ்.ஓ.இ. வானொலி இயக்குநர் நூர் இனாயத் கான், அனுப்பிய செய்திகளின் படிகளை ஒரு குறிப்பேட்டில் வைத்திருந்தார். அதைக் கொண்டே ஜெர்மானியர் அவர் பெயரில் லண்டனுக்குச் செய்தி அனுப்பினர்.