பத்து வீரர்கள், இரண்டு பூச்சுகள்: கான்ட்ராஸ்டா, பழைய முறையா?

வார்ஹேமர் 40,000 என்னும் மேசைப் போர் விளையாட்டுக்காகப் பத்து இன்டர்செசர் வீரர்களின் சிறு பிளாஸ்டிக் உருவங்களை வாங்கியபோது, எந்த முறையில் விரைவாக வண்ணம் பூசுவது என்று முடிவு செய்ய முடியாமல், ஐந்து பேருக்கு ஒரு முறை, மற்ற ஐந்து பேருக்கு இன்னொரு முறை என்று பிரித்துக்கொண்டேன். நிறம் இரு பாதிக்கும் அல்ட்ராமரீன் படையின் நீலம்தான். எட்டு மாதம் விளையாடிய பிறகு, அடுத்த பெட்டிக்கு எந்த முறை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை: பழைய முறைதான்.

முதல் ஐந்து பேருக்குப் பூசியது, கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தன் சிட்டாடல் வரிசையில் 2019இல் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வண்ணம். வெளிர் நிற ப்ரைமரின் (வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சின்) மேல் ஒரே ஒரு கை பூசினால் போதும். வண்ணம் தானாகவே பள்ளங்களில் தேங்கி நிழலாகவும், விளிம்புகளில் மெலிந்து வெளிச்சமாகவும் தெரியும். மற்ற ஐந்து பேருக்குப் பழைய முறை: மெக்ராக் ப்ளூ என்னும் ஒளிபுகா நீல ஸ்ப்ரே அடித்து, அது காய்ந்ததும் நல்ன் ஆயில் என்னும் கறுப்பு வாஷை, அதாவது பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணத்தை, உடல் முழுவதும் ஓட விட்டு, பிறகு கால்கர் ப்ளூ என்னும் வெளிர் நீலத்தைத் தொட்டுக் காகிதத்தில் நன்றாகத் துடைத்தெடுத்த தூரிகையால் விளிம்புகளை மட்டும் வருடிவிட்டேன் (இதைத்தான் உலர்தூரிகை என்பார்கள்).

நேரத்தில் கான்ட்ராஸ்ட் வென்றது: அதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பழைய முறைக்கு வாஷ் காயும் நேரத்தையும் சேர்த்து மூன்று. புட்டியின் விலையில் கான்ட்ராஸ்ட் கூடுதல்; ஆனால் சாதாரண வண்ணம் 12 மி.லி. என்றால் இது 18 மி.லி. என்பதால், அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். தோல் உறை, பை, துணி மடிப்பு போன்றவற்றில் கான்ட்ராஸ்டின் அழகே தனி. தோள்கவசம் போன்ற வழவழப்பான பரப்பில்தான் அது திட்டுத் திட்டாகக் காய்ந்து சோதிக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் அல்ல, பழுது பார்ப்பதுதான். விளையாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் வீரனைத் தலையையோ தோளையோ பிடித்துத் தூக்கி நகர்த்துகிறோம். விரல் படுவதெல்லாம் விளிம்புகளில்தான். கான்ட்ராஸ்ட் மிக மெலிந்து நிற்பதும் அதே விளிம்புகளில் என்பதால், தேய்மானம் அங்கே முதலில் தொடங்கி, அடியிலுள்ள வெளிர் ப்ரைமர் சுண்ணாம்பு தடவியதுபோல் பளிச்சென்று எட்டிப் பார்க்கிறது. சரி, அதே புட்டியிலிருந்து ஒரு சொட்டு வைத்து மறைத்துவிடலாம் என்றால், அந்த வண்ணம் ஒளி ஊடுருவும் தன்மையுடையது. ஏற்கெனவே நீலமாக இருக்கும் இடத்தில் பட்டால் அங்கே இரண்டு மடங்கு அடர்ந்து, காப்பி சிந்தி உலர்ந்த கறைபோல ஓரத்தில் ஒரு கோடு விழுகிறது. ஒரு வீரனின் இடது தோளை நான்கு முறை சரிசெய்ய முயன்று, கடைசியில் அந்தத் தோள் முழுவதற்கும் ப்ரைமர் நிறத்தைத் தூரிகையால் பூசி மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. பழைய முறையில் பூசிய பாதியில், கீழே விழுந்து முழங்கால் கவசம் பெயர்ந்த ஒருவனுக்கு, மெக்ராக் ப்ளூவில் ஒரு தொடுதல், சுற்றிலும் கொஞ்சம் வாஷ், அவ்வளவுதான். எந்த இடம் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

வீரன் நிற்கும் அடித்தட்டிலும் இதே கதை தொடர்ந்தது. 32 மி.மீ. வட்டத் தட்டுகளில் பெவிக்கால் தடவி, சலித்த ஆற்றுமணலில் அழுத்தி எடுத்து, மறுநாள் அடர்சாம்பல் பூசி, வெளிர்சாம்பலால் உலர்தூரிகை ஓட்டினேன். ஆஸ்ட்ரோகிரானைட் போன்ற சொரசொரப்பு வண்ணம் இதைவிட விரைவு, செலவுதான் கூடுதல். எதைப் பயன்படுத்தினாலும் சாம்பல் தூள் காலணியின் மேல் ஏறாமல் இருக்காது. பழைய முறையில் பூசிய காலணியில் அதை அடிநிறத்தால் மூடிவிடலாம். கான்ட்ராஸ்ட் காலணியில் மூட வழியில்லை. எனவே கான்ட்ராஸ்டில்தான் பூசுவேன் என்பவர், தட்டைத் தனியாக முடித்துக் காய வைத்து, வீரனைக் கடைசியில் ஒட்டுவதே நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இரு பாதிக்கும் வண்ணத்தைக் காக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு கைதான் அடித்தேன். இரண்டு கை அடித்திருந்தால் கான்ட்ராஸ்ட் இவ்வளவு விரைவில் தேய்ந்திருக்குமா என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை. மஞ்சள், வெள்ளை நிறப் படைகளுக்கும் இந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன். ஒளிபுகா மஞ்சளை மூன்று நான்கு கை பூச வேண்டியிருக்கும் என்பதால், அங்கே கான்ட்ராஸ்ட் மிச்சப்படுத்தும் நேரம் பழுது பார்க்கும் தொல்லையை ஈடுகட்டிவிடக்கூடும்.

அடுத்த பெட்டிக்கு நீல ஸ்ப்ரே வாங்கி வைத்துவிட்டேன். கான்ட்ராஸ்ட் இனி துப்பாக்கி உறைகளுக்கும் இடுப்புப் பைகளுக்கும் மட்டும். அந்த முதல் ஐந்து பேரை அழிக்க மனம் வரவில்லை, ஆகவே விளையாடும்போது பின்வரிசையில் நிறுத்துகிறேன். அங்கே அவர்களை அதிகம் தொட வேண்டியதில்லை.