பக்கம் முன்னா, பகல் முன்னா? பைத்தானில் தமிழ் அகரவரிசை

‘பக்கம்’, ‘பகல்’ என்ற இரு சொற்களைப் பைத்தான் நிரல்மொழியிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் ‘பகல்’ முதலில் வருகிறது. தமிழ் அகராதியிலோ மெய் முன்னே, உயிர்மெய் பின்னே. ஆகவே ‘பக்கம்’தான் முந்தும். பெங்களூரில் எங்கள் அடுக்ககத்துத் தமிழ் வாசகர் வட்டம் நூற்பட்டியல் தயாரித்தபோது இந்தச் சிக்கல் எழுந்தது. வெளியிலிருந்து எதையும் நிறுவாமல், பைத்தானோடு கூடவே வரும் கருவிகளைக் கொண்டு தீர்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வரிசைப்படுத்துவதற்கென்றே உள்ளமைந்த ‘சார்ட்டட்’ செயற்கூறை அப்படியே பயன்படுத்துவது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2002-இல் டிம் பீட்டர்ஸ் உருவாக்கிய டிம்சார்ட் முறை, ஏற்கெனவே பாதி அடுக்கப்பட்டிருக்கும் பட்டியலைக் கண்டுகொண்டு தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சமமானவற்றின் பழைய வரிசையையும் அது கலைக்காது: முதலில் தலைப்பால் அடுக்கி, பிறகு ஆசிரியர் பெயரால் அடுக்கினால், ஒரே ஆசிரியரின் நூல்கள் தலைப்பு வரிசையிலேயே நிற்கும். பட்டியலுக்கே உரிய ‘சார்ட்’டும் இதே முறைதான், அது மூலப் பட்டியலையே மாற்றிவிடும், சார்ட்டட் புதிய பட்டியலைத் தரும்.

ஆனால் இவை ஒப்பிடுவது எழுத்துகளை அல்ல, யூனிகோடு எண்களை, அதாவது உலகப் பொதுத் தரப்பாடு ஒவ்வோர் எழுத்துக்கும் தந்திருக்கும் எண்களை. இந்திய மொழிகளுக்கெல்லாம் தேவநாகரியை ஒட்டிய ஒரே அமைப்பைத் தந்த இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியாக்கத் தரப்பாட்டை யூனிகோடு பின்பற்றியது. அதனால் ன, ந-வை ஒட்டிக்கொண்டு ப-வை முந்திவிட்டது. ற, ர-வை ஒட்டிக்கொண்டு ல-வை முந்திவிட்டது. ‘கபிலன்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘கனி’, ‘மலர்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘மறை’. ஜ-வோ ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. புள்ளியின் எண் எழுத்துகளின் எண்களைவிடப் பெரியது என்பதால்தான் ‘பக்கம்’ பின்தங்குகிறது. நமக்கு மட்டும் நேர்ந்த அநீதி என்று நினைக்க வேண்டாம்: இங்குள்ள பள்ளிகளில் ஹ-வுக்குப் பின் கடைசியாகச் சொல்லித்தரும் கன்னட ள-வும் யூனிகோடில் ல-வுக்கும் வ-வுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இரண்டாம் வழி, மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ற வழக்கங்களைக் கையாளும் ‘லொகேல்’ தொகுதி. இந்தியத் தமிழ் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, சொல்லை அந்த மொழி வரிசைக்கேற்ப மாற்றித்தரும் அதன் ‘எஸ்டிஆர்எக்ஸ்ஃபிரம்’ செயற்கூறைச் சார்ட்டட்டிடம் கொடுத்தால் முடிந்தது, இரண்டே வரி. கேட்க இனிக்கிறது. வேலை செய்வது பைத்தான் அல்ல, அடியில் இருக்கும் இயங்குதளம், வம்பு அங்கேதான். தமிழ் அமைப்பு நிறுவப்படாத சர்வரில் நிரல் பிழையோடு நின்றுவிடும். நிரலை ஓட்டத் தேவையானவற்றை மட்டும் பொதிந்து வைக்கும் மெலிந்த டாக்கர் பிம்பங்களில் அது பெரும்பாலும் இருக்காது. இந்த அமைப்பை மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதற்கும் மாறிவிடும் என்பதால், பல இழைகள் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) ஓடும் இணையச் சேவையில் இதைத் தொடவே கூடாது. போதாக்குறைக்கு, வரிசை விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2018-இல் வந்த 2.28 பதிப்பு வரிசை அட்டவணையை மாற்றியபோது, அதை நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தேடல் சுட்டிகள் (இன்டெக்ஸ்) பிறழ்ந்தன. சொந்த மடிக்கணினியில் ஒருமுறை அடுக்கி அச்சிட மட்டும் இந்த வழி சரி.

மூன்றாவது, எதை வைத்து அடுக்குவது என்று சொல்லும் சார்ட்டட்டின் ‘கீ’ அளவுருவுக்கு நாமே ஒரு செயற்கூறு எழுதித் தருவது. என் ஓட்டு இதற்கே. ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு எண்களாக்க வேண்டும்: மெய்யின் இடம், உயிரின் இடம். புள்ளி வைத்த எழுத்துக்கு இரண்டாம் எண் 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2. அப்படியானால் ‘க்’ என்பது 1, 0. ‘க’ என்பது 1, 1. ‘பக்கம்’ தானாக முன்னே வந்துவிடும். தனி உயிர்களுக்கு மெய்யின் இடம் 0. கிரந்த எழுத்துகளுக்கு 18-க்கு மேல். முப்பது வரிக்குள் அடங்கும். தலைப்புக்கு ஒருமுறை மட்டுமே இச்செயற்கூறு அழைக்கப்படும் என்பதால் வேகமும் கெடாது. சோடி சோடியாக ஒப்பிடும் பழைய பாணிக்கு ‘ஃபங்க்டூல்ஸ்’ தொகுதியில் வசதி உண்டு. ஒவ்வோர் ஒப்பீட்டிலும் அதே கணக்கைத் திரும்பப் போடுவதால் இங்கே வீண்.

இதற்கு முன் ‘யூனிகோடுடேட்டா’ தொகுதியால் எழுத்துகளைச் சீராக்கிவிட வேண்டும். ‘கொ’வின் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. அத்தொகுதியின் என்எஃப்சி என்ற சீராக்க முறை இரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் ‘ஔவை’யை ஒ, ள என்று தட்டச்சு செய்திருந்தால் எந்தச் சீராக்கமும் உதவாது. அதை ஒருவர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

கன்னட, இந்தித் தலைப்புகளும் கலந்த பட்டியல் என்றால் ஒவ்வொரு மொழிக்கும் தனி அட்டவணை எழுதிக்கொண்டிருப்பது வெட்டி வேலை. அப்போது வெளியிலிருந்து பைஐசியு என்ற நிரலகத்தை நிறுவிக்கொள்ளலாம். மொழிவாரியான வரிசை விதிகள் அதிலேயே இருக்கின்றன.