யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் பைத்தோட்டம்: சில வருட அனுபவம்

வளர்ப்புப் பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் விலை கேட்பதற்கு முன் வீட்டுக் கேத்தலின் அடியை ஒருதரம் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? அந்தத் தண்ணீரைத்தான் செடிக்கும் ஊற்றப் போகிறீர்கள். நிலத்தில் நிற்கும் செடி எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஒரு வாளி மண்ணுக்குள் நிற்கும் செடிக்கு அது பெரிய சோதனை.

எங்கள் வீடு கோண்டாவில் பக்கம், நல்ல செம்மண். 2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல், மரக்கறி விலையும் ஏறிக் கிடந்தபோது, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள் அல்லவா, அந்தக் காலத்தில்தான் எங்கள் முற்றத்துக்கும் பைகள் வந்தன. அதற்கு முதல் வருடம் வந்த இரசாயன உரத் தடை சில மாதங்களில் நீங்கினாலும், உர விலை கைக்கு எட்டாமல்தான் இருந்தது. அதனால் தொடக்கத்திலிருந்தே ஆட்டெரு, கூட்டெரு, குழை என்றே போனோம். மீன் கழிவில் சர்க்கரை போட்டு ஊறவைக்கும் கரைசலும் நல்லதுதான். ஆனால் அயலில் உள்ள பூனை எல்லாம் குடிவந்துவிடும், யோசித்துச் செய்யுங்கள்.

பைகளைப் பற்றி முதலில். மெல்லிய கறுப்புப் பொலித்தீன் பை எங்கள் வெயிலுக்கு இரண்டு வருடம் தாங்கினால் பெரிய காரியம். தடித்த பை அதைவிட நன்றாக நிற்கிறது. வெறும் உரப்பையில் நட்டவை ஒரு போகத்தோடு நூல் நூலாகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிட்டன. அந்தப் பிளாஸ்ரிக் நாரைப் பொறுக்குவது பெரிய தொல்லை, திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை. கறுப்புப் பை நேர் வெயிலில் நின்றால் மத்தியானம் வேர் வெந்துவிடும். ஒன்றையொன்று நிழலாக்கும்படி நெருக்கி வைத்து, வெளிவரிசைக்குப் பழைய சாக்கைச் சுற்றிவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். அடியில் இரண்டு செங்கல் கட்டாயம் வேண்டும், துளை அடைபடாமல் இருக்கத்தான். மண் கலவைக்குத் தும்புத்தூள் வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. நம் தண்ணீரிலும் உப்பு, தூளிலும் உப்பு என்றால் நாற்று எங்கே தப்பும்?

சரி, தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது, அதுதான் நம் கிணறு. நன்னீர் மேலே, அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். நிலாவரைக் கிணற்றில் ஆழத்துக்குப் போகப் போக உவர் என்று சிறுவயதில் கேட்டிருப்போம், வீட்டுக் கிணறுகளுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். கோடையில் மோட்டர் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் கீழே இருப்பது மேலே வரும்.

இந்தத் தண்ணீர் பைக்குள் என்ன செய்கிறது என்பது இரண்டாவது கோடையில்தான் தெளிவாகத் தெரிந்தது. மிளகாயும் வெண்டியும் குருத்துப் பக்கம் மஞ்சளாகின. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் வெளிறல். உடனே எல்லோரும் சொல்வது யூரியா குறைவு என்றுதான். இலை எந்தப் பக்கத்திலிருந்து மஞ்சளாகிறது என்று பாருங்கள். தழைச்சத்துக் குறைந்தால் கீழே உள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும். குருத்து இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துப் பிரச்சினை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பை மண் காரமாகி, அந்த இரும்பைச் செடி எடுக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. இலையின் ஓரமும் நுனியும் கருகினால் அது உப்பு.

பக்கத்து வீட்டு ஐயா ஒரு காலத்தில் உரும்பிராயில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, நீ ஊத்திறது காணாது. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா உப்பு உள்ளுக்கதான் நிக்கும். ஒருநாளைக்கு அடியால ஓடுமட்டும் ஊத்து” என்றார். அதுதான் இன்றுவரை செய்கிறோம். மற்ற நாட்களில் அளவாக, வாரத்தில் ஒருநாள் அடித்துளையால் நன்றாக ஓடும்வரை. அதனால் கொஞ்சம் உரமும் கழுவிக்கொண்டு போகத்தான் செய்யும், பிறகு ஒரு பிடி கூட்டெரு போட்டுவிட்டால் போதும். இரும்பு மருந்து கடையில் கேட்டால் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகையைத் தருவார்கள். அது காரமான மண்ணில் அதிக நேரம் நிற்காது. ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்ற வகை கிடைத்தால் அதை மண்ணுக்கு விடலாம். கிடைக்காவிட்டால் இலைக்குத் தெளிப்பதே மேல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுப் பீலியால் விழுவதைப் பரலில் (பீப்பாயில்) பிடித்து, கொசு வராமல் வலை கட்டி மூடி வைக்கிறோம். அது நாற்றுக்கும் கொத்தமல்லிக்கும் மட்டும்தான். பங்குனிக்கு மேல் மிஞ்சாது. ஆனாலும் நாற்றுப் பருவத்தை நல்ல தண்ணீரில் கடத்திவிட்டால் பிறகு செடி ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

தண்ணீரில் இருக்கும் இந்தச் சுண்ணாம்பு காரணமாகவே இரண்டு வீட்டு வைத்தியங்களை விட்டுவிட்டேன். ஒன்று சாம்பல். பாட்டி காலத்தில் நிலத்துப் பாத்திக்கு அது சரியாக இருந்திருக்கும். ஏற்கெனவே காரமான பை மண்ணில் சாம்பல் போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். மற்றது முட்டைக்கோது. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் கல்சியம் இல்லை, முட்டைக்கோது அரைத்துப் போடு என்பார்கள். நம் தண்ணீரே கல்சியம்! காய்க்கு அது போய்ச்சேராததுதான் பிரச்சினை. ஒருநாள் காய்ந்து, மறுநாள் குளமாகி நின்றால் அப்படித்தான் ஆகும். காலையில் ஒருதரம், சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மாலையிலும் கொஞ்சம் என்று ஒழுங்காக ஊற்றி, மேலே வாழைச்சருகு பரப்பிய பிறகு அந்தக் கறுப்பு வெகுவாகக் குறைந்தது.

மிளகாய் இலைச் சுருட்டலுக்கும் ஒரே மருந்து என்று நினைக்க வேண்டாம். இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. பனிப்பூச்சி காய்ந்த காற்றுக் காலத்தில்தான் கூடும், அப்போது காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடித்துவிடுவதே பாதிச் சிகிச்சை. செடி முழுக்கக் குறுகி, குருத்துக் கொத்தாகச் சுருங்கினால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாகத்தான் இருக்கும். அதற்கு மருந்தில்லை, பிடுங்குங்கள். மனம் வராது, தெரியும். வெண்டியில் நரம்பெல்லாம் மஞ்சளாக வலைபோட்டாலும் இதே கதைதான்.

வேப்பங்கொட்டை விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனி, ஆடியில் முற்றமெல்லாம் பழம் விழும். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி வைத்தால் வருடம் முழுக்கக் காணும். கோது நீக்கிய பருப்பு ஐம்பது கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவிட்டு, துணியால் வடித்து, துளி சவர்க்காரம் கலந்து பொழுதுபடும் நேரம் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். வந்த பூச்சியை உடனே கொல்லாது, அதனால் பூச்சியைக் கண்டபின் ஓடித் திரியாமல் வாரம் ஒருதரம் வழக்கமாக அடிப்பதுதான் பயன்.

கத்தரியைப் பையில் வைப்பதை நிறுத்திவிட்டோம். தின்னவேலிப் பேரிலேயே ஊதாக் கத்தரி இனம் உள்ள ஊர் இது, அதற்கு நிலம் கொடுப்பதுதான் மரியாதை. பூவரசங்குழையும் பழைய பனையோலையும் தாழ்த்த பாத்தியில் நட்ட கத்தரி, பையில் நின்றதைவிட எத்தனையோ மடங்கு காய்த்தது. ஓலை மெல்ல உக்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நிலத்தில் ஒரு ஆபத்து வாடல் நோய். நுனி மட்டும் தலைசாய்ந்தால் அது தண்டு துளைக்கும் புழு, சாய்ந்த இடத்துக்குக் கீழே வெட்டி எரித்துவிடலாம். பச்சையாகவே முழுச் செடியும் சாய்ந்தால் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால்போல இழை இறங்கினால் பற்றீரியா. அந்த இடத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் சில போகத்துக்கு வேண்டாம். சுண்டங்காய்ச் செடியில் ஒட்டிய கத்தரிக்கன்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், சுண்டையின் வேர் இந்த நோயைத் தாங்கும்.

பயித்தங்காய்க்கு அழுக்கணவன் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி, பாகலுக்குப் பழ ஈ. முதலாவதை எறும்பு ஏறும்போதே கையால் வழித்துவிடலாம். பாகல் பிஞ்சு விரல் நீளம் வரும்போது பத்திரிகைத் தாளால் சுற்றிவிட்டால் போதும், வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பையும் பானையும் உண்மையில் வெற்றி கண்டது இலைவகையில்தான். வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடி ஈரத்தில் அகலமான பழைய பேசினில் நன்றாக வருகின்றன. சவர்க்கார நுரை ஓடும் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். புதினாவுக்குக் கடையில் வாங்கிய கட்டிலிருந்து தண்டு போதும். ரம்பையை ஒருமுறை வைத்தால் மறந்துவிடலாம். கொத்தமல்லியை வெயில் காலத்தில் போட்டு ஏமாறுகிறவர்கள் அதிகம், சூட்டுக்கு உடனே பூத்துவிடும். கார்த்திகை முதல் தை வரைதான் அதற்குக் காலம். விதையை இரண்டாக உடைத்துப் போடுங்கள்.

கறிவேப்பிலைக்கும் தேசிக்காய்க்கும் ஒரே புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம்போல இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் கண்ணில் படாது. காலையில் கையால் எடுத்துவிட வேண்டியதுதான். இலை ஆய்ந்து கறிக்குப் போடும் மரத்துக்கு நான் எந்த மருந்தும் அடிப்பதில்லை.

மழைக்காலத்தில் பெரிய எதிரி ஆபிரிக்க நத்தை. 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு மதிலெல்லாம் அதுதான். பப்பாசி இலையைக் குவித்து வைத்தால் இரவில் வந்து கூடும், டோர்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுகிறோம். உப்பை மண்ணில் தூவ வேண்டாம், அது நத்தையோடு செடிக்கும் முடிவு. மழை நாளில் நாற்றுத் தட்டைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடி அழுகிச் சரிந்துவிடும்.

கணக்குப் பார்த்தால் பை, தும்புத்தூள், கன்று என்று முதல் வருடம் காசு மிஞ்சாது. பிறகு கீரை, மிளகாய், கறிவேப்பிலை இந்த மூன்றுக்கும் சந்தைப்பக்கம் போவது அரிது. பை பிய்ந்தால் புதிதாக வாங்குவது இலைவகைக்கு மட்டும்தான், மற்றவை ஒவ்வொன்றாகப் பாத்திக்கு இறங்கிவிட்டன. முற்றம் சீமெந்து போட்ட வீட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை, அவர்கள் வாங்கக்கூடியதில் பெரிய பையாகவே வாங்கட்டும். மண் கூடக் கூட உப்பின் கொடுமை குறையும். தீவகத்திலோ கரையோரத்திலோ சவர்த் தண்ணீரோடு இருப்பவர்கள் போஞ்சியில் தொடங்க வேண்டாம், உப்புக்கு முதலில் விழுவது அதுதான். பீற்றூட்டும் முருங்கையும் வைத்துப் பாருங்கள், அவை தாங்கும். மாரி தொடங்க முன் பீலியைத் துப்பரவாக்கி ஒரு பரலும் வாங்கி வையுங்கள்.